மூன்றாம் மாடியில் ஒலித்த கிட்டார்

நாங்கள் ஜப்பானுக்குப் போனது 1996ஆம் ஆண்டு கோடையில். அப்பாவுக்கு யொகோஹாமா துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகாது என்பதால் தெற்கே கனசவா ஹக்கே என்ற இடத்தில் வீடு பார்த்தார்கள். கடல் ஒரு பக்கம், சின்னச் சின்னக் குன்றுகள் ஒரு பக்கம், நடுவே கெய்க்யூ ரயிலின் சிவப்புப் பெட்டிகள். வடக்கே ஏறினால் யொகோஹாமா, தெற்கே ஏறினால் யொகொசுகா. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் பேசுவது பாதி புரியாது. எனவே பார்ப்பதையும் கேட்பதையும் ரொம்பக் கூர்மையாகப் பார்த்தேன், கேட்டேன்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கே உரிய மெல்லிய சுவர், மெல்லிய தளம். இரவு ஒன்பது மணிக்குமேல் சத்தம் கூடாது, துணி துவைக்கும் இயந்திரம்கூடப் போடக்கூடாது என்று நோட்டீஸ் பலகையில் எழுதியிருக்கும். மூன்றாம் மாடியில் எங்கள் தலைக்கு நேர்மேலே இருந்த வீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகள் உயர்நிலைப் பள்ளி மாணவி. பள்ளிவிட்டு வந்து, தாயார் வேலையிலிருந்து திரும்புவதற்குள் இருக்கும் இரண்டு மணிநேரம் அவளுடைய ராஜ்ஜியம். அந்த இரண்டு மணிநேரத்தில்தான் எங்கள் சமையலறைக் கூரை அதிரும்.

அம்மா கும்பகோணத்தில் வீணை கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு வாத்தியத்தைத் தொடவில்லையே தவிர, காது அப்படியே இருந்தது. முதல் நாள் அந்தச் சத்தம் இறங்கியபோது கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "யாரோ ரெண்டு பேர் ஒரே பாட்டை வேற வேற சுருதியில வாசிக்கறாங்கடி" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வேதனை. சில நாள் கழித்து அதே இடம் வந்தபோது மறுபடி நின்றாள். இந்தத் தடவை தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இல்ல, வேணும்னுதான் பண்றாங்க. ஒருத்தர் ஷட்ஜத்துல நின்னா இன்னொருத்தர் காந்தாரத்துல நிக்கறார். ரெண்டு பேரும் விட்டுப் பிரியாமப் போறாங்க பாரு."

அம்மா கேட்டது 'குரெனாய்' என்ற பாட்டின் நடுவில் வரும் கிட்டார் பகுதி என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். எக்ஸ் என்ற குழு 1989இல் 'புளூ பிளட்' என்ற இசைத்தட்டில் வெளியிட்ட பாட்டு அது. 1992இல் பெயரை எக்ஸ் ஜப்பான் என்று நீட்டிக்கொண்டார்கள். இரண்டு கிட்டார்க்காரர்களில் ஒருவர் பாட்டா, மற்றவர் ஹிடே. நம் இசையில் ஒருவர் பாடினால் வயலின் பின்தொடரும். இருவர் பாடினாலும் ஒரே ஸ்வரத்தில்தான் சேர்வார்கள். ஒரு ராகத்தை இரண்டு படிகளில் ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டு போவது நம்மிடம் இல்லை. வீணைக்காரியான என் அம்மா, பெயர் தெரியாத ஒரு ராக் கிட்டார்க்காரர் செய்த காரியத்தைத் தன் காதாலேயே பிரித்துக் கண்டுபிடித்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அம்மா அதோடு நிற்கவில்லை. ஒருநாள் மாலை எலுமிச்சை சாதம் கிளறி ஒரு டப்பாவில் போட்டு, "மேல கொண்டுபோய்க் குடுத்துட்டு அது என்ன பாட்டுன்னு கேட்டுண்டு வா" என்று என்னை அனுப்பினாள். கதவைத் திறந்த அந்தப் பெண், கீழ்வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது என்று நினைத்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்கு வந்த ஜப்பானியத்தில், "அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது" என்றேன். அவள் முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. ஜப்பானியத்திலும் ஒனேசான் என்று கூப்பிடுவது வழக்கம் என்பதால் அவளுக்கும் அது இயல்பாகவே இருந்தது.

அந்தச் சின்ன அறையின் சுவரில் ஒரே ஆளுடைய படங்கள். ஒன்றில் முடி இளஞ்சிவப்பு, ஒன்றில் ரத்தச் சிவப்பு. கையில் இருந்த கிட்டார்தான் என்னை நிறுத்தியது. மஞ்சள் உடம்பு முழுக்க இதயங்கள் வரைந்த கிட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். அக்கா அதை ஃபெர்னாண்டஸ் கம்பெனியின் கிட்டார் என்று சொன்னாள். அதில் ஒரு விசேஷமும் உண்டு என்றாள். சாதாரண கிட்டாரில் தந்தியை மீட்டினால் நாதம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்துபோகும். இதில் சஸ்டெய்னர் என்ற ஏற்பாடு இருக்கிறது. தந்தியின் அதிர்வை ஒரு காந்தச் சுருள் வாங்கும், பேட்டரியில் ஓடும் மின்சுற்று அதைப் பெருக்கும், மற்றொரு சுருள் திரும்பத் தந்தியையே ஆட்டிவிடும். விரலை எடுக்காதவரை ஸ்வரம் நிற்காது. வீணையில் ஒரு மீட்டுக்குள் எவ்வளவு இழுக்க முடியும் என்பது அம்மாவுக்குத் தெரியும். இதைப் போய்ச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூச்சு வாங்கவே வேண்டாத நாதஸ்வரம்னு சொல்லு" என்றாள்.

அக்காவுக்கு ஹிடேயின் கதை முழுவதும் மனப்பாடம். ஹிடேதோ மத்சுமோதோ என்பது முழுப்பெயர். 1964 டிசம்பர் 13 அன்று யொகொசுகாவில் பிறந்தவர். எங்கள் ரயில்பாதையில் கொஞ்சதூரம் போனால் அவர் ஊர் என்பதில் அக்காவுக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. சின்ன வயதில் அவர் குண்டாக, கூச்சசுபாவியாக இருந்தாராம். பள்ளியில் படிக்கும்போது கிஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டைக் கேட்டிருக்கிறார். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வாசிக்கும் குழு அது. பேரன் அதிலேயே மூழ்கிக்கிடப்பதைப் பார்த்த பாட்டி அவருக்கு ஒரு கிப்சன் லெஸ் பால் டீலக்ஸ் கிட்டார் வாங்கிக்கொடுத்தாள். கடையிலேயே விலையுயர்ந்த சாதிகளில் ஒன்று. உயர்நிலைப் பள்ளியில் வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது சாக்ஸபோன் ஆசைப்பட்டவருக்குக் கிளாரினெட் கொடுத்தார்களாம், விட்டுவிட்டு வந்துவிட்டார். பாட்டி வாங்கிக்கொடுத்தது வீட்டில் இருக்கும்போது வேறெதற்கு?

யொகொசுகாவைப் பற்றிச் சொல்லாமல் ஹிடேயைச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் ஊர். அப்பா வேலை விஷயமாக அங்கே போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். அக்காவும் எங்களோடு வந்தாள். தொபுயிதா தெரு என்று ஒரு நீளமான கடைத்தெரு. முதுகில் புலியும் டிராகனும் கழுகும் பட்டுநூலில் தைத்த பளபளக்கும் சட்டைகள் தொங்கும். போர் முடிந்தபின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு எடுத்துப்போக வாங்க ஆரம்பித்த சட்டைகள் அவை. ஆங்கிலப் பெயர்ப்பலகைகள், ஹாம்பர்கர் கடைகள், மாலையில் கும்பலாக நடக்கும் வெள்ளை, கறுப்பு மாலுமிகள். ராக் இசை டோக்கியோவின் பெரிய கடைகளுக்கு வருவதற்கு முன்பே இந்த மாதிரி ஊர்களின் மதுக்கடைகளுக்கு வந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு சந்தையும் காட்டி, "அவர் இந்த வழியாக நடந்திருப்பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோயில் பிரகாரத்தில் பாட்டிகள் நடப்பார்களே, அப்படி நடந்தாள்.

1981இல் ஹிடே நண்பர்களோடு சேர்ந்து சேவர் டைகர் என்ற குழுவைத் தொடங்கினார். உள்ளூர் மேடைகளில் பெயர் வந்தது. அதற்கிடையே டோக்கியோவின் ரொப்பொங்கியில் அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து படித்து 1984இல் முடித்தார். சிகை அலங்காரத்துக்கு அரசு உரிமமும் வாங்கினார். இதுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி. ராக் ஸ்டார் என்றால் வேலையை உதறிவிட்டு வீட்டைவிட்டு ஓடிவந்தவன் என்று ஒரு கதை எல்லா நாட்டிலும் உண்டு. இவர் ஒரு தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டவர். அடுத்தவர் தலையைக் கையில் எடுத்து அதை எப்படிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று யோசிப்பதற்குப் பயிற்சி எடுத்தவர். 1987 ஜனவரியில் சேவர் டைகர் கலைந்தபோது இசையையே விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்கே போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். அப்போதுதான் டிரம்ஸ், பியானோ இரண்டிலும் கைதேர்ந்த யொஷிகி அவரை எக்ஸ் குழுவுக்குள் கொண்டுவந்தார். 1988இல் 'வானிஷிங் விஷன்', 1989இல் 'புளூ பிளட்'.

எக்ஸ் குழுவின் தோற்றத்தைப் பார்த்து அப்பா முதலில் முகம் சுளித்தார். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் முடி, கண்ணைச் சுற்றி மை, பெண்கள் உடுப்பா ஆண்கள் உடுப்பா என்று சொல்ல முடியாத உடை. விஷுவல் கேய் என்று ஜப்பானில் இன்று ஒரு பெரிய மரபே இருக்கிறது. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் இவர்கள். அந்தத் தோற்றத்தை மற்றவர்களைவிட நிதானமாக, தொழில் தெரிந்த கையோடு வடிவமைத்தவர் ஹிடே என்று அக்கா சொல்வாள். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் வேஷம் கட்டியிருப்பது தெரியும், இவருக்கு அது உடம்போடு ஒட்டியிருக்கும்.

எக்ஸ் குழுவில் பெரும்பாலான பாட்டுகள் யொஷிகியுடையவை. நீளமானவை, சோகமானவை, பியானோவில் தொடங்கிப் புயலாக முடிபவை. 1993இல் வந்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' ஒரே பாட்டு, 29 நிமிடம். இந்தக் கனத்துக்கு நடுவில் ஹிடே எழுதிய பாட்டுகள் வந்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். 'புளூ பிளட்'டில் வந்த 'செலிப்ரேஷன்', 1991இல் வந்த 'ஜெலஸி'யில் 'ஜோக்கர்' இரண்டும் அவருடையவை, துள்ளிக்கொண்டு வரும். அதே இசைத்தட்டில் 'லவ் ரெப்ளிகா' என்று ஒன்று, சாவி கொடுத்த பொம்மை சுற்றுவதுபோல மூன்று தட்டுத் தாளத்தில் மெதுவாகச் சுழலும். ஒரே ஆள்தானா இவ்வளவையும் எழுதினார் என்று தோன்றும். அம்மாவுக்கு 'லவ் ரெப்ளிகா' பிடிக்கவில்லை. "பயமா இருக்கு, வேண்டாம்" என்றாள். 'ஜோக்கர்' வந்தால் தாளம் போடுவாள்.

அந்த நாளில் ஜப்பானில் ஒற்றைப் பாட்டுக்கான குறுந்தகடு எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும். அதை வைக்கும் அட்டையோ நீளமாக, புத்தக அடையாள அட்டையைப்போல ஒடுங்கி நிற்கும். விலை ஆயிரம் யென்னை ஒட்டி. அக்காவுக்குக் கைச்செலவுக்குக் கிடைப்பதில் மாதத்துக்கு ஒன்று வாங்குவதே பெரிய காரியம். மற்றவற்றை வாடகைக் கடையில் எடுத்து மினிடிஸ்க்கில் பதிந்துகொள்வாள். பதிவு ஓடும்போது இருவரும் தரையில் உட்கார்ந்து, அட்டையில் எழுதியிருப்பதை அவள் படித்துச் சொல்ல நான் கேட்பேன். நான் ஜப்பானிய எழுத்துகளைக் கற்றதில் பாதி அந்த அட்டைகளில்தான். பள்ளியில் எழுத்துத் தேர்வில் என் மதிப்பெண் ஏறியதைப் பார்த்து அப்பாவின் முகச்சுளிப்பும் மெல்லக் குறைந்தது.

ஹிடே தனியாகப் பாட ஆரம்பித்தது 1993 ஆகஸ்டில். 1994 பிப்ரவரியில் 'ஹைட் யுவர் ஃபேஸ்' என்ற முதல் தனி இசைத்தட்டு. டிரம்ஸ் வாசிக்க டெரி போசியோ, பேஸ் கிட்டாருக்கு டி.எம். ஸ்டீவன்ஸ் என்று அமெரிக்காவின் தேர்ந்த கலைஞர்கள். கூடவே இனா என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த கஸுஹிகோ இனாதா, கணினியில் தாளங்களை அமைப்பவர். இந்த நட்பைத்தான் நான் மிகவும் முக்கியமாகச் சொல்வேன். கணினித் துண்டுகளோடு கிட்டாரை வெட்டி ஒட்டி, பங்க், உலோக ஆலையின் இரைச்சல், ஜாஸ் பித்தளை வாத்தியங்கள், குழந்தைப் பாட்டின் மெட்டு எல்லாவற்றையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவரும் வித்தையை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 1996 செப்டம்பரில் வந்த 'சயன்ஸ்' அதற்குச் சாட்சி. அவர் பாடும் குரல் பெரிய குரல் இல்லை. கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் குறும்போடு வரும். அந்தக் குரலை எங்கே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் பல்லவி வரும்போது ஒரு குழந்தை திருப்பிப் பாடக்கூடிய மெட்டு வந்து நிற்கும். நான்தான் அந்தக் குழந்தை, எனக்குத் தெரியும்.

அதே 1996இல் 'மிசரி' என்ற ஒற்றைப் பாட்டு வந்தது. அதைப் போடும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னாள். தீராத நோயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, ஹிடேயைப் பார்க்கவேண்டும் என்பதே தன் ஆசை என்று சொல்லியிருக்கிறாள். குழந்தைகளின் இப்படிப்பட்ட ஆசையை நிறைவேற்றும் தொண்டு அமைப்பு மூலம் 1995 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் அவளைச் சந்தித்தார். படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிற சந்திப்பாக அது முடியவில்லை. தொடர்ந்து அவளோடு நட்பாக இருந்தார். எலும்பு மஜ்ஜைக் கொடையாளராகத் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டார். பத்திரிகைகள் அதை எழுதியதால் அவருடைய ரசிகர்கள் பலருக்கு அப்படி ஒரு பதிவு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. மஜ்ஜை என்றால் என்ன என்று நான் கேட்டேன். அக்கா தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, "எலும்புக்குள் இருக்கிறது, அங்கேதான் ரத்தம் உண்டாகிறது" என்றாள்.

எக்ஸ் ஜப்பான் கலைவதாக 1997 செப்டம்பரில் அறிவித்தார்கள். அக்கா அன்று பாட்டே போடவில்லை. டிசம்பர் 31 கடைசி நிகழ்ச்சி டோக்கியோ டோமில். அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அன்று இரவு என்.எச்.கே.யின் கோஹாகு பாட்டுப்போட்டியில் குழு வந்து பாடும் என்று தெரிந்ததும், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜப்பானில் வருஷக் கடைசி ராத்திரி குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. அம்மா வெண்பொங்கல் செய்திருந்தாள், அவர்கள் சோபா நூடுல்ஸ் கொண்டுவந்தார்கள். குழுவின் ஐந்து பேரும் வந்து 'ஃபாரெவர் லவ்' வாசித்தார்கள். அக்காவின் அம்மா, மகள் சுவரில் ஒட்டிவைத்திருந்த ஆளை முதல்முறை கவனமாகப் பார்த்தாள். "இவர் விரல்கள் ரொம்ப மென்மையாக இருக்கின்றன" என்றாள். அக்கா தன் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஹிடே சோர்ந்து உட்காரவில்லை. ஒரே மாதத்தில், 1998 ஜனவரி 28 அன்று, 'ராக்கெட் டைவ்' வந்தது. ஹிடே வித் ஸ்ப்ரெட் பீவர் என்று புதுக்குழு, புதுப்பெயர். கேட்டவுடன் எழுந்து குதிக்கத் தோன்றும் பாட்டு; எதற்கும் காத்திருக்காதே, ஏறிப் பற என்கிற உற்சாகம். அமெரிக்காவில் ஸில்ச் என்ற இன்னொரு குழுவையும் வைத்திருந்தார். அதில் கில்லிங் ஜோக் குழுவின் பால் ரேவன் பேஸ் வாசித்தார். லெமன்ட் என்று சொந்தமாக ஒரு வெளியீட்டு நிறுவனம் ஆரம்பித்து, யாருக்கும் அதிகம் தெரியாத ஸெப்பெட் ஸ்டோர் என்ற குழுவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இத்தனையும் ஒரே சமயத்தில். தான் மேலே வந்ததும் ஏணியை எடுத்துவிடுகிறவர்கள் நிறைந்த தொழிலில், இவர் பின்னால் வருகிறவர்களுக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கீழே வந்த குழுக்கள் அவரை அண்ணன் என்றே அழைத்தன.

மே மாத முதல்வாரம் ஜப்பானில் வரிசையாக விடுமுறை. 1998 மே 2, சனிக்கிழமை. ஹிடே இறந்துவிட்ட செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது எனக்கு எழுத்து புரிந்தது, பொருள் ஏறவில்லை. அவருக்கு வயது 33. போலீசார் ஒரு முடிவைச் சொன்னார்கள்; கூட வாசித்தவர்கள் அது விபத்து என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். அதைக் கிளறி எழுத எனக்கு விருப்பமில்லை. மேல்வீட்டில் சத்தமே இல்லை. அம்மா தானாகவே மேலே ஏறிப்போனாள். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. துக்கத்தில் ரசிகர்கள் தங்களுக்கு எதுவும் செய்துகொண்டுவிடக் கூடாது என்று குழுவினரே தொலைக்காட்சியில் வந்து மன்றாடினார்கள். அதைப் பார்த்த அம்மா அந்த வாரம் முழுக்க ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அக்காவை எங்கள் வீட்டிலேயே உட்காரவைத்துக்கொண்டாள்.

மே 7 அன்று டோக்கியோவின் த்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் இறுதிச்சடங்கு. சுமார் 50,000 பேர் வந்தார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் அம்மா, "இது நம்ம ஊர் மாதிரி இருக்கே! அஜந்தா குகை வாசல் மாதிரி!" என்றாள். தற்செயலான ஒற்றுமை இல்லை. 1934இல் அதைக் கட்டிய இதோ சூதா என்ற கட்டடக் கலைஞர் இந்தியாவில் சுற்றிப் பார்த்தவர். பழைய பௌத்தக் குகைகளின் குதிரைலாட வளைவை எடுத்து டோக்கியோவின் நடுவில் வைத்தார். அந்த வளைவுக்குக் கீழே யொஷிகி பியானோ வாசிக்க, குழுவின் பாடகர் தொஷி 'ஃபாரெவர் லவ்' பாடினார். வெளியே தெருக்களை வளைத்துக்கொண்டு வரிசை. இளஞ்சிவப்பு முடிக்காரர்கள், பள்ளிச் சீருடைப் பெண்கள், அலுவலக உடையில் வந்தவர்கள். அக்காவைத் தாயார் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கூட்டத்தில் தெரிகிறார்களா என்று திரையை ஒட்டி உட்கார்ந்து தேடினேன். தெரியவில்லை.

அடுத்த வாரம், மே 13 அன்று, ஏற்கெனவே திட்டமிட்டபடி 'பிங்க் ஸ்பைடர்' வெளிவந்தது. விற்பனையில் முதலிடம். வலைக்குள் இருந்தபடி வானத்தை ஆசையோடு பார்க்கும் ஒரு சிலந்தியின் கதை. தாழ்ந்த சுருதியில் கனமாக இறங்கும் கிட்டார், அதன்மேல் லேசாக நடக்கும் குரல். எல்லா இடத்திலும் அதுதான் ஒலித்தது. ரயில்நிலையக் கடையில், பேரங்காடியில், எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கான ஒத்திகையில்கூட. செத்துப்போனவர் பாட்டு என்று யாரும் அதை அழுதுகொண்டு கேட்கவில்லை. அது அப்படிக் கேட்க விடாது. மே 27 அன்று 'எவர் ஃப்ரீ'. பாதியில் நின்றுபோயிருந்த மூன்றாவது இசைத்தட்டை, அவர் விட்டுப்போன மாதிரிப் பதிவுகளையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு இனாவும் குழுவினரும் முடித்தார்கள். 'ஜா, ஜூ' 1998 நவம்பர் 21 அன்று வந்து, பத்து லட்சத்துக்குமேல் போனது. நண்பன் என்ன நினைத்திருப்பான் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கேட்டுக்கேட்டு ஒரு வேலையை முடிப்பது எவ்வளவு பெரிய சுமை! அதில் விட்டுப்போன 'கோ கேல்' என்ற ஒரு பாட்டுக்கு முழுமையான குரல் பதிவு இல்லை. பதினாறு ஆண்டு கழித்து 2014இல், யமஹாவின் வோகலாய்ட் தொழில்நுட்பத்தால் அவர் குரலையே உருவாக்கி அதையும் முடித்தார் இனா.

அப்பாவுக்கு 1999இல் மாற்றல் வந்தது. சென்னைக்குத் திரும்பினோம். அக்கா அப்போது தையல், உடை வடிவமைப்பு கற்றுத்தரும் பள்ளியில் சேர்ந்திருந்தாள். கிளம்பும்போது மினிடிஸ்க்குகளில் தன் கையால் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொடுத்தாள். எனக்குக் கடினமாக இருக்கும் எழுத்துகளுக்கு மேலே சின்னதாக உச்சரிப்பும் எழுதியிருந்தாள். சென்னையில் அதைப் போடுவதற்கு இயந்திரம் கிடைக்காமல் பட்ட பாடு வேறு. யாரிடமும் சொல்லிப் பகிர்ந்துகொள்ள முடியாத பாட்டுகள் அவை. என் வகுப்பில் யாருக்கும் ஹிடே என்ற பெயர் தெரியாது. அம்மா மட்டும் தெரிந்தவள். இரவு சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் தேய்க்கும்போது 'ஜோக்கர்' மெட்டை முணுமுணுப்பாள். அவள் வீணையை மறுபடி எடுத்ததும் அந்த வருஷம்தான்.

யொகொசுகாவில் 2000இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்து 2005வரை நடத்தினார்கள். 2008இல் எக்ஸ் ஜப்பான் மறுபடி கூடி டோக்கியோ டோமில் வாசித்தபோது, ஒளிப்பிம்பமாக ஹிடேயையும் மேடையில் நிறுத்தினார்கள். அவருக்கு மஞ்சள் கிட்டார் செய்துகொடுத்த ஃபெர்னாண்டஸ் நிறுவனம் 2024இல் தொழிலை நிறுத்திக்கொண்டது. அவருடைய சமாதி மியூராவில் கடலுக்குப் பக்கத்தில். நாங்கள் ஏறிய அதே சிவப்பு ரயில் அந்தத் திசையில்தான் போகும்.

ஜப்பானிய ராக் இசையைப் பற்றிப் பேசும் இளைஞர்கள் இப்போது நம் ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். அனிமே பார்த்து வந்தவர்கள். அவர்களிடம் ஹிடே என்று சொன்னால் முடியின் நிறத்தைச் சொல்வார்கள், அடுத்து எப்படி இறந்தார் என்பதைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் 'ராக்கெட் டைவ்' கேளுங்கள். பிறகு 'ஹைட் யுவர் ஃபேஸ்', 'சயன்ஸ்', 'ஜா, ஜூ' மூன்றையும் வந்த வரிசையிலேயே கேளுங்கள். 1994க்கும் 1998க்கும் இடையில் ஐந்தே ஆண்டில் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரியும். எக்ஸ் ஜப்பானின் கிட்டார்க்காரர் என்று மட்டும் அவரைக் குறிப்பிடுவது அநியாயம். பாட்டு எழுதி மெட்டமைத்தவர்களில், ஜப்பான் அந்தப் பத்தாண்டில் தந்த முதல் வரிசைக்காரர் அவர்.